தீசிஸ் டெம்ப்ளேட் என்று சொன்னால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பிஎச்டி எழுதிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். டிடிபி கடையில் நான் 9,000 ரூபாயைத் தொலைத்த கதை.

பள்ளியில் டீச்சர் வேலை, பகுதிநேர ஆய்வு. தலைப்பு, பின்னி மில் தொழிலாளர்கள்: 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதிலிருந்து 1921 வேலைநிறுத்தம் வரை. வரலாற்று ஆய்வு என்பதால் அடிக்குறிப்புதான் உயிர். மூன்றாம் இயலில் மட்டும் 118 குறிப்புகள். எல்லாவற்றையும் தமிழ்99 விசைப்பலகையில் நானே யூனிகோடில் அடித்து வைத்திருந்தேன். பக்கம் அமைக்க மட்டும்தான் ஆள் தேவைப்பட்டது.

எம்.சி. ரோடு பின்னால் ஒரு சந்தில் கடை. “தோ பாருங்க டீச்சர், நம்மகிட்ட ரெடி டெம்ப்ளேட் இருக்குது. உங்க மேட்டர உள்ள போட்டா போதும், பொருளடக்கம் பக்க எண்ணு எல்லாம் அதுவா வந்து ஒக்காந்துக்கும்” என்றார் ஓனர். மொத்தம் 14,000 பேசி 9,000 வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கொடுத்தார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இருபது நாள் கழித்து பிடிஎஃப் வந்தது. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. கைடு படித்துவிட்டு, மூன்றாம் இயலில் ஏழாவது குறிப்புக்கு அடுத்து ஒரு குறிப்பு சேர்க்கச் சொன்னார். கடைக்குப் போனேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டு அரை மணி நேரம் நின்றதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஓனர் ஃபைலைத் திறந்தார்: பேஜ்மேக்கர்! 2001க்குப் பிறகு பெரிய புதுப் பதிப்பே வராத பக்க அமைப்பு மென்பொருள். அதில் தமிழ் யூனிகோடு ஓடாது. அதனால் என் யூனிகோடு எழுத்தை எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வரைந்த ஏதோ பழைய ஃபான்ட்டுக்கு மாற்றியிருக்கிறார். அடிக்குறிப்பு எண்கள் ஒவ்வொன்றும் கையால் அடித்து மேலே தூக்கி வைத்தவை. பொருளடக்கத்திலும் அப்படியே, புள்ளி புள்ளியாகத் தட்டி, கடைசியில் பக்க எண். ஒரு குறிப்பு நுழைந்தால் பின்னால் இருக்கும் 111 எண்களையும் ஒவ்வொன்றாக மாற்றவேண்டும்.

“கரெக்‌ஷன் பக்கத்துக்கு இருபது ரூபா, டீச்சர்.” அந்த இயல் 46 பக்கம். ஒரே ஒரு அடிக்குறிப்புக்கு 920 ரூபாய்.

ஃபைலையாவது கொடுங்கள், வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “அது கடை சொத்து, வெளியே தர்றதில்ல” என்று முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. ‘வேலைநிறுத்தம்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒப்புமைச் சோதனைக்கும் (வேறு எங்கிருந்தாவது நகலெடுத்ததா என்று பார்ப்பது), ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் சோத்கங்காவுக்கும் இந்த லட்சணத்தில் எதைக் கொடுப்பது?

நல்லவேளை, என் மூல ஃபைல் என்னிடமே இருந்தது. கோடை விடுமுறையில் லாடெக்கில் (எழுத்தோடு கட்டளைகளையும் அடித்துக் கொடுத்தால் பக்கத்தை அதுவே அமைக்கும் மென்பொருள்) நானே ஒரு டெம்ப்ளேட் கட்டினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. லாடெக் இலவசம்தான். ஆனால் அதை நிறுவ உதவும் டெக் லைவ் தொகுப்பு முழுசாகச் சில ஜிபி இருக்கும், மொபைல் டேட்டாவில் இறக்காதீர்கள். ரிப்போர்ட் கிளாஸ் (லாடெக்கோடு வரும் ஆயத்த அமைப்பு), ஏ4, 12 புள்ளி எழுத்து. பைண்டிங்குக்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், ஒன்றரை வரி இடைவெளி (இந்த அளவுகளை உங்கள் பல்கலைக்கழக விதியைப் பார்த்துப் போடுங்கள்). தலைமை ஃபைல் நாற்பது வரிகூட இல்லை. ஒவ்வோர் இயலும் தனி ஃபைல், தலைமை ஃபைல் அவற்றை வரிசையாக அழைத்துக்கொள்ளும். ‘இயல்’ என்ற தலைப்புச் சொல்லுக்கு ஒரு வரி. இயலுக்கு இயல் அடிக்குறிப்பு எண் ஒன்றிலிருந்து தொடங்குவது அந்தக் கிளாஸிலேயே இருக்கிறது.

தமிழுக்கென்று நான் தடுக்கி விழுந்த இடங்கள் மூன்று. சாதா லாடெக் வேண்டாம், யூனிகோடு ஃபான்ட்டை நேராக எடுத்துக்கொள்ளும் அதன் இன்னொரு வடிவமான ஸீலாடெக்கில் ஓட்டுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யூனிகோடு ஃபான்ட்டைப் பெயர் சொல்லிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும். ஃபான்ட் வரியிலேயே ஸ்கிரிப்ட் தமிழ் என்றும் குறிப்பிடவேண்டும். நான் அதை விட்டுவிட்டதில் ‘தொழிலாளர்’ என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது, ஒரு ராத்திரி முழுக்க மண்டை காய்ந்தேன். மூன்றாவது, நம் நீளச் சொற்கள். ‘வேலைநிறுத்தத்தின்போதுகூட’ வலது ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பல மொழிகளுக்கான துணைத் தொகுப்பான பாலிகிளாசியாவில் மொழி தமிழ் என்று சொன்னதும் சொல்லை மடக்கிவிட்டது. ஆனால் மடக்கிய இடத்தில் கோடு போடும், தமிழ்ப் புத்தகத்தில் அது உறுத்தும். ஹைஃபனுக்குப் பதில் அகலமே இல்லாத எழுத்தைக் கொடுத்தால் கோடு மறைந்துவிடும்.

முதல் ஓட்டத்தில் பொருளடக்கம் காலியாக வந்தால் பயப்படவேண்டாம். அந்த ஓட்டத்தில்தான் பக்க எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளும், இரண்டாவதில், சில சமயம் மூன்றாவதில், சரியாக அச்சாகும்.

கைடு சொன்ன அந்தக் குறிப்பை ஏழுக்கு அடுத்துச் சேர்த்து ஓட்டினேன். பின்னால் இருந்த 111 எண்களும் தானே நகர்ந்தன.

டிடிபி கடைக்குத்தான் போயாக வேண்டும் என்றால் அட்வான்ஸுக்கு முன் இரண்டு பக்க மாதிரி கேளுங்கள். அதில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பாருங்கள். அங்கேயே ஒரு அடிக்குறிப்பை நடுவில் நுழைக்கச் சொல்லி, கூட நின்று பாருங்கள். ஃபைல் யாருக்கு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள்.

போன வாரம் ஓனர் போன் செய்தார், பாக்கி 5,000 எப்போது என்று. “ஃபைலக் குடுங்கண்ணா, தர்றேன்” என்றேன். லைன் கட்.