ரொட்வைலரா, அல்சேஷனா, லயத்து நாயா: மலையகத்து வீட்டுக்கு எது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், தேயிலை மலையை ஒட்டிய தனி வீடு எங்களுடையது. காவலுக்கு நாய் வேண்டும் என்று முடிவானபோது ரொட்வைலர், அல்சேஷன் (ஜெர்மன் ஷெப்பர்ட்), தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து ஒரு நாட்டு நாய்க்குட்டி என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் வந்தது ரொட்வைலர், பெட்டை. வாங்கும் முன்னும் சரி, வாங்கிய பிறகும் சரி, "அது வளர்த்தவனையே கடிக்கிற சாதியாச்சே" என்று சொல்லாதவர்கள் குறைவு. அந்தப் பயத்தில் எது உண்மை, எது வெறும் கேள்விக் கதை என்று பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ரொட்வைலர் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குரைப்பது, காவல் காப்பது என்று பார்த்தால் மூன்றுமே போதும். விலையில் நாட்டுக்குட்டி சும்மாவே கிடைக்கும், மற்ற இரண்டும் நல்ல காசு. சாப்பாட்டுச் செலவும் அப்படித்தான்.

இனி அந்தப் பயம். வயது ஏற ஏற மூளை பெருத்து மண்டை ஓட்டில் முட்டும், அப்போது வெறி பிடித்து வீட்டுக்காரரைக் கடிக்கும் என்று ஒரு கதை. டொபர்மன் என்ற இன்னொரு காவல் நாய் இனத்துக்குச் சொல்வதை இங்கே ரொட்வைலருக்கும் சேர்த்தே சொல்கிறார்கள். முழுதாக வளர்ந்த நாயின் மூளை அதற்குப் பிறகு பெருப்பதில்லை. கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்பதும் பொய்தான், எந்த இன நாய்க்கும் அப்படி ஒரு பூட்டு கிடையாது. அல்சேஷனை பொலிஸ் நாய், அறிவாளி என்று மதிக்கிறோம், ஆனால் அதே அல்சேஷனை ஆஸ்திரேலியா 1929இல் ஆபத்தான இனம் என்று சொல்லி இறக்குமதி செய்யத் தடை போட்டது, 1970களில்தான் தடை நீங்கியது. நாய் மாறவில்லை, அதைப் பற்றிய பேச்சுத்தான் மாறியது. பிட்புல் என்ற சண்டை நாய் வகையைத் தடை செய்த நெதர்லாந்தும் கடிகள் குறையாததால் 2008இல் அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. 2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு நாயின் குணம் இன்னொரு நாயின் குணத்திலிருந்து வேறுபடுவதில் இனத்துக்கு உள்ள பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று தெரிந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ரொட்வைலர் ஆண் நாய் 50 கிலோவைத் தாண்டலாம், அல்சேஷன் 30, 40 கிலோ, லயத்து நாய் அதில் பாதிதான். மூன்றும் ஒரே அளவு கோபத்தில் கடித்தாலும் காயம் ஒரே அளவாக இருக்காது. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் இது பெரிய விஷயம். அதனால் கடி என்ற நிலைமையே வராமல் பார்ப்பதுதான் முழு வேலையும்.

அங்கேதான் சங்கிலி வருகிறது. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். எங்கள் பக்கத்தில் கடிநாய் என்று பெயரெடுத்த நாய்களைப் பாருங்கள், பெரும்பாலும் குட்டியிலிருந்தே கட்டிப் போட்டு வளர்த்தவை. விடியக் கொழுந்துக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோரும் அதற்கு முன்னாலேதான் நடக்கிறார்கள், சிலர் கல்லெறிகிறார்கள், கட்டிக் கிடக்கும் நாயால் ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. பயந்த நாய்க்கு விலகிப் போக வழி இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது பல்தான். அது ரொட்வைலரானால் இனத்தின் மேல் பழி, லயத்து நாயானால் யாரும் இனத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. இன்னொன்று, இது சிறுத்தை உள்ள மலை. இரவில் சங்கிலியில் நிற்கும் நாய் சிறுத்தைக்கு எடுத்து வைத்த இரை. எந்த நாயானாலும் இரவுக்குக் கதவுள்ள கூடு வேண்டும், பகலுக்குச் சுற்றுவேலி வேண்டும். வேலிக்கு ஆகிற செலவு நாயின் விலையையே தாண்டலாம், அதைக் கணக்கில் சேர்க்காமல் நாயை வாங்காதீர்கள்.

ரொட்வைலர் எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். முன்னொரு காலத்தில் ஜெர்மனியில் மாடு ஓட்டவும் கசாப்புக்காரரின் வண்டி இழுக்கவும் பழக்கிய நாய் இது, மனிதரோடு ஒட்டியே நிற்கும். வேலிக்குள் விட்டால் வீட்டைச் சுற்றியே கிடக்கும், ஊர் சுற்றப் போகாது. ஆட்கள் வந்தால் முதலில் நின்று பார்க்கும், பிறகுதான் குரைக்கும். குட்டியாக இருந்தபோதே தினமும் லயத்துப் பக்கம் கூட்டிப் போய், பிள்ளைகள், ஆட்டோ, தலையில் கூடை வைத்தவர்கள், குடை பிடித்தவர்கள் என்று எல்லாவற்றையும் காட்டிப் பழக்கினோம். இந்தப் பழக்கம் முதல் சில மாதங்களுக்குள் நடக்க வேண்டும், பெரிதான பிறகு தொடங்கினால் ரொம்பக் கஷ்டம். வீட்டில் பகலில் யாராவது இருப்பதும் அவசியம், எல்லோரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு நான் ரொட்வைலரைச் சொல்லவே மாட்டேன்.

அல்சேஷன் கெட்டிக்காரன், ஆனால் அதற்கு ஓட்டமும் வேலையும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா விட்டால் சலித்துப்போய் எதற்கெடுத்தாலும் குரைக்கும். மே மாதத்திலிருந்து மழை விடாமல் பெய்கிற எங்கள் பக்கத்தில் அந்த நீள முடி காய்வதே இல்லை, உள்ளே உண்ணியும் தோல் புண்ணும். ரொட்வைலரின் முடி கட்டை, ஆனால் மேல்முடிக்கு அடியில் மென்மையான அடிமுடி இருப்பதால் குளிரும் தாங்கும், துடைத்தால் காய்ந்துவிடும். டொபர்மனை நான் வளர்த்ததில்லை; அடிமுடி இல்லாத மெல்லிய தோல் என்பதால் நுவரெலியா குளிருக்குச் சரிவராது என்றுதான் தோன்றுகிறது. எங்கள் நாய் இன்னும் இளசு, அதனால் முதுமையைப் பற்றி அனுபவமாக ஒன்றும் சொல்ல முடியாது. இடுப்பு மூட்டு நோய் ரொட்வைலர், அல்சேஷன் இரண்டுக்கும் வரக்கூடியது, படி ஏறி இறங்குகிற நம் வீடுகளில் அது தொல்லைதான்.

லயன் காம்பராவில், அதாவது லயத்து அறையில் இருப்பவர்களுக்கு, வேலி போட இடம் இல்லாதவர்களுக்கு, லயத்து நாயே சரி. குளிர், மழை, அட்டை எல்லாம் அதற்குப் பழக்கம், வைத்தியச் செலவும் குறைவு. ஆனால் அது ஊர் சுற்றும், மற்ற நாய்களோடு கடிபடும், அதனால் வெறிநாய்க்கடி ஊசியை வருடா வருடம் தவறவிடக் கூடாது, பெட்டையானால் கருத்தடையும் செய்துவிடுங்கள். கிருமி இனம் பார்த்து வராது. எந்த நாய் கடித்தாலும் உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ரொட்வைலர்தான் என்று முடிவெடுத்தால், குட்டியைக் கையில் வாங்கும் முன் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். உடன் வீட்டுக்காரர் இருக்கும்போது தாய் உங்களைக் கிட்ட வர விடுகிறதா என்று பாருங்கள். தாயைக் காட்ட மறுத்தாலோ, அது சங்கிலியிலேயே கிடந்தாலோ, குட்டிக்கு எட்டு வாரம் நிரம்பாவிட்டாலோ, முற்பணம் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, குட்டி இல்லாமலே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.