ஒரே சிவப்பு அம்பு, மூன்று காடுகள்: கேனக் சேஸ், டீன், டால்பி

இங்கிலாந்தில் மலைச் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது பாதையோர வழிகாட்டி அம்பின் நிறத்தை. பச்சை என்றால் குழந்தை குட்டியோடு போகலாம். நீலத்துக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். சிவப்பு, கை தேர்ந்தவர்களுக்கு. கறுப்பு, எலும்பு மேல் பெரிய ஆசை வைக்காதவர்களுக்கு.

நானும் இரண்டு வருடம் நிறத்தை நம்பித்தான் சுற்றினேன். கேனக் சேஸில் சிவப்பை முடித்த தெம்பில் டால்பிக்குப் போனேன். அங்கேயும் அதே சிவப்பு அம்புதான். இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் இரண்டு தொடையும் பிடித்துக்கொள்ள, ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்து நசுங்கிய வாழைப்பழத்தைத் தின்றபோது தெளிவு வந்தது. வழியிலுள்ள கல், வேர், சரிவு எவ்வளவு கடினம் என்பதை மட்டும்தான் அந்த அம்பு சொல்லும். எவ்வளவு தூரம், என்ன மண், மழை பெய்தால் என்ன ஆகும், கூட வந்து சைக்கிள் ஓட்டாமல் உட்கார்ந்திருப்பவர் மூன்று மணி நேரம் என்ன செய்வார் என்பதையெல்லாம் நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். அப்படி நான் விசாரித்து, விழுந்து, எழுந்து தெரிந்துகொண்டவைதான் இவை.

மூன்று காடுகளையும் நடத்துவது ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து என்ற அரசு அமைப்புதான். பாதையில் ஓட்டக் கட்டணம் கிடையாது, காரோடு போனால் காசு. மூன்றிலும் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும், காபி கிடைக்கும், கழிப்பறை உண்டு. ஆகவே வசதியை வைத்து எதையும் உசத்தி என்று சொல்வதற்கில்லை. வித்தியாசம் டயருக்குக் கீழே இருக்கிறது.

கேனக் சேஸ்: கூழாங்கல் தரை

பர்மிங்காமுக்கு வடக்கே, ஸ்டாஃபர்ட்ஷயரில் இருக்கிறது. பரப்பு சுமார் 68 சதுர கிலோமீட்டர்தான். இயற்கை எழிலுக்காகப் பாதுகாக்கப்படும் பகுதி என்று 1958இல் அறிவித்தார்கள். அந்த வரிசையில் இங்கிலாந்தின் பெருநிலத்தில் இதுதான் ஆகச் சிறியது. இங்கே இரண்டு சிவப்புப் பாதைகள்: ‘ஃபாலோ தி டாக்’, ‘மங்கி’. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11 கி.மீ. நாயைத் தொடர்ந்து போனால் குரங்கு வரும். சேர்த்து ஓட்டினால் 22 கி.மீ. சுற்று. நாயோடு நிறுத்திக்கொண்டு காபி குடிக்கப் போனாலும் யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தின் உயிர் அதன் மண்தான். காலால் கொஞ்சம் கீறினாலே உருண்டை உருண்டையாகக் கூழாங்கல் வரும். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இன்றைய பிரான்ஸ் பக்கமிருந்து ஓடிவந்த பெரிய ஆறுகள் உருட்டி வந்து போட்ட கற்கள் இவை. ஆற்றுப்படுகை என்பதால் தண்ணீர் நிற்பதில்லை. இரவெல்லாம் மழை கொட்டினாலும் காலையில் பாதை ஓட்டும்படி இருக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேறு எங்கேயும் போகாமல் இங்கே வருவதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஆனால் அதே கல்தான் ஆளைக் கவிழ்க்கும். வளைவில் சைக்கிளைச் சாய்த்தால், கொட்டிக் கிடக்கும் கொண்டைக்கடலை மேல் ஓட்டுவது போல முன் சக்கரம் தன் பாட்டுக்கு நழுவும். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து விட்டுவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிடித்தால் முழங்கை தோல் அங்கேயே தங்கிவிடும். என்னுடையது கொஞ்சம் அங்கே இருக்கிறது.

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் மலைச் சைக்கிள் பந்தயம் நடந்ததும் இந்தக் காட்டில்தான். பெண்களில் இங்கிலாந்தின் ஈவி ரிச்சர்ட்ஸும் ஆண்களில் நியூசிலாந்தின் சாம் கேஸும் தங்கம் வாங்கினார்கள். போட்டியின் நினைவாக, அதன் சின்னமான பெர்ரி என்ற காளையின் பெயரில் ஒரு நீலப் பாதையும் கிடைத்தது. சிவப்புக்கு முன்னால் கை பழக அதைவிடத் தோதான இடம் அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை. இதில் ஒரு தற்செயல்: முதல் உலகப்போரில் நியூசிலாந்துப் படையினருக்கு இங்கேதான் பயிற்சி முகாம் இருந்தது. 1918 ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சலில் இறந்த அவர்களில் பலர் பக்கத்துப் போர்க் கல்லறையில்தான் கிடக்கிறார்கள். அதையொட்டி ஏறக்குறைய 5,000 ஜெர்மானியர், ஆஸ்திரியர் புதைக்கப்பட்ட தனி மயானமும் உண்டு. சத்தமே இல்லாத இடம்.

குறை என்றால் கூட்டம். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை பர்மிங்காமே இங்கே திரண்டுவிடும். ஒற்றைத் தடத்தில் பின்னால் நாலு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு வருவது எனக்கு ஒத்துவராது.

டீன் காடு: களிமண்ணும் பழைய சட்டமும்

கேனக் சேஸும் டால்பியும் பெரும்பாலும் நட்டு வளர்த்த பைன் காடுகள். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளுக்கும் சுரங்கங்களுக்கும் மரத்தை வெட்டித் தள்ளியதில் நாடே மொட்டையாகிவிட, 1919இல் வன ஆணையம் அமைத்து வரிசை வரிசையாக நட்ட காலத்தின் மிச்சம் அவை. குளாஸ்டர்ஷயரின் டீன் அப்படியல்ல. அரசர்கள் வேட்டையாடிய காடு, ஓக் மரக் காடு. கடற்படைக்கு மரம் போதவில்லை என்று கடற்படைத் தளபதி நெல்சன் சொன்னதை ஒட்டி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓக் கன்றுகளை நட்டார்கள். அவை முற்றி வெட்டுக்கு வந்தபோது கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. அந்த மரங்களின் நிழலில்தான் நாம் ஓட்டுகிறோம்.

பாதைகளின் பெயரிலேயே ஊர்க் கதை இருக்கிறது. 11 கி.மீ. நீலப் பாதையின் பெயர் ‘வெர்டரர்ஸ்’. வெர்டரர்கள் என்போர் காட்டின் மரத்தையும் மானையும் காக்க நியமிக்கப்பட்ட பழங்கால அதிகாரிகள். ஸ்பீச் ஹவுஸ் என்ற 17ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தில் அவர்களின் நீதிமன்றம் இன்றும் கூடுகிறது. மீதி நாளெல்லாம் அது ஹோட்டல். சிவப்புப் பாதை ‘ஃப்ரீமைனர்ஸ்’, நாலரை கி.மீ.தான். செயின்ட் பிரியவல்ஸ் என்ற பழைய நிர்வாகப் பகுதியின் எல்லைக்குள் பிறந்து, 21 வயது தாண்டி, ஒரு வருடமும் ஒரு நாளும் சுரங்கத்தில் வேலை செய்தவர் சொந்தமாகச் சுரங்கம் தோண்ட உரிமை பெறுவார். அவர்தான் ஃப்ரீமைனர். 1838 சட்டத்திலேயே எழுதிவைத்த உரிமை இது. 2010இல்தான் முதன்முதலாக ஒரு பெண் அந்தப் பதிவேட்டில் ஏறினார். இப்போதைய சிக்கல் சுரங்கத்தில் இல்லை, பிரசவத்தில். எல்லைக்குள் பிரசவ வார்டு இல்லாததால் அங்கே ‘பிறந்தவர்’ கிடைப்பதே அரிதாகிவிட்டது.

சரி, சைக்கிளுக்கு வருவோம். வெர்டரர்ஸ் பாதையில் ஏற்றத்தை முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அலை அலையாக இறக்கம். பிரேக்கை மறந்தால் பத்து வயதுப் பிள்ளையும் சிரிக்கும், நாற்பது வயதுக்காரரும் சிரிப்பார். கால் வலிக்க ஏறுவதே பிடிக்காது என்றால் அதற்கும் வழி உண்டு: சைக்கிளோடு நம்மை வேனில் ஏற்றி மேலே கொண்டுபோய் இறக்கிவிடும் சேவை. பிறகு செங்குத்தான இறக்கம் மட்டும்தான். நான் ஒரு முறை போனேன். இறங்கியதை ‘ஓட்டினேன்’ என்று சொன்னால் பொய்யாகும்.

மழைக்குப் பிறகு டீன் வேறு இடம். கல் பாவிய வெர்டரர்ஸ் எப்படியோ தாங்கும். அதை விட்டு விலகினால் களிமண். டயரில் ஒட்டி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே கேப்பைக் களி போல அப்பிக்கொண்டு, கடைசியில் சக்கரமே சுற்றாது. ஒரு பிப்ரவரியில் சைக்கிளைத் தோளில் சுமந்து ஒரு கிலோமீட்டர் நடந்தேன். மண்ணோடு சேர்ந்து அதன் எடை இரட்டிப்பானது போலிருந்தது. பாதையோரப் புல்தரை மட்டும் ஏர் ஓட்டியது போலக் கிளறிக் கிடந்தது. காட்டுப்பன்றி. பண்ணைகளிலிருந்து 1990களில் தப்பிய பன்றிகளின் வாரிசுகள். மூக்கால் உழுதுவிட்டுப் போயிருந்தன. குட்டியோடு இருக்கும் தாயைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொள்வது நல்லது.

டால்பி: தூரம்

நார்த் யார்க் மூர்ஸில், பிக்கரிங் ஊருக்குப் பக்கத்தில். இங்கே சிவப்பு ஒரே சுற்றாக 37 கி.மீ. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எந்த இடமும் கேனக் சேஸைவிடக் கடினமில்லை. ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே நாள் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். மூன்று மணி நேரத்தில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஐந்தேகால். பாதி வழியில் அலுத்துவிட்டால் காட்டுச் சாலையைப் பிடித்துக் குறுக்கே திரும்பலாம் என்பது முதலிலேயே தெரிந்திருந்தால் வாழைப்பழத்தோடு அழுதிருக்க மாட்டேன்.

2010, 2011 இரண்டு ஆண்டும் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்த தடமும் இங்கே இருக்கிறது, கறுப்பு அம்போடு. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். நான் ஓரமாக நின்று பார்த்தேன். பாறை மேல் முன் சக்கரம் போன பிறகுதான் கீழே தரை இருப்பதே தெரியும் போன்ற இடங்கள். பார்ப்பதே நிறைவாக இருந்தது.

டால்பிக்கு ஜூன் சரி. ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரப்பட வேண்டாம்.

ஓட்டாதவர்கள்

இதில் டீனுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. பழைய ரயில் தடத்தைச் சமமான குடும்பச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். காட்டுக்குள் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டே நடக்க ஒரு வழி உண்டு. சிமண்ட்ஸ் யாட் பாறையிலிருந்து வை ஆறு வளைந்து திரும்புவதையும், கூடு கட்டும் பருவத்தில் பொரி வல்லூறுகளையும் பார்க்கலாம். லிட்னியிலிருந்து நீராவி ரயில். ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்கு இவை எதையும்விடப் பிடித்தது சாலையில் உலாத்திய ஆடுகள். டீனில் ஆடுகளைக் காட்டில் அவிழ்த்துவிடும் பழைய வழக்கம் இருக்கிறது. “ஓட்டிட்டுப் போக ஒரு ஆள் இல்லையா? எவனாவது பிடிச்சிட்டுப் போயிட மாட்டான்?” என்று திரும்பி வரும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

டால்பிக்காரர்கள் ஹோல் ஆஃப் ஹார்க்கம் என்ற மாபெரும் கிண்ணப் பள்ளத்தைக் காட்டுவார்கள். வேட் என்ற ராட்சசன் மனைவியோடு சண்டை போட்டு, அவள் மேல் எறியக் கைநிறைய மண் அள்ளிய இடமாம். அப்படியே விட்பி கடற்கரைக்குப் போய்விடலாம். கேனக் சேஸில் ஆகஸ்டில் ஊதாப் பூ பூக்கும் புதர்வெளி அழகு. மான்கள் கண்ணில் படும். அதற்கு மேல் ஓட்டாதவருக்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

கார் இல்லை என்றால் கதை தலைகீழ். பர்மிங்காமிலிருந்து ரூஜ்லி டவுனுக்கு ரயில், அங்கிருந்து சில கிலோமீட்டர் மிதித்தால் கேனக் சேஸ் பாதை தொடங்கும் இடம். டீனுக்கு லிட்னியில் இறங்கி மேட்டில் மிதிக்க வேண்டும். டால்பிக்கு ரயிலை மறந்துவிடுங்கள். பிக்கரிங்குக்கு வருவது சுற்றுலா நீராவி வண்டி மட்டும்.

லேக் டிஸ்ட்ரிக்டின் கிரைஸ்டேலை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 1977 முதல் சிற்பங்கள் வைக்கப்பட்டுவரும் அழகான காடு. நான் போன இரண்டு முறையும் அங்கே பெய்த மழையில் மரப்பலகைப் பாதையையும் என் மூக்குக்கண்ணாடியையும் தவிர எதையும் பார்க்கவில்லை. தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

அம்பே இல்லாத நான்காவது

இந்த மூன்றுக்கும் உண்மையான போட்டி இன்னொரு காடு அல்ல, பீக் டிஸ்ட்ரிக்ட். 1951இல் இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்காவானது. செதுக்கிய பாதை இல்லை, நிற அம்பு இல்லை. 1968 சட்டப்படி பிரைடில்வே எனப்படும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டலாம். நடைபாதைகளில் அந்த உரிமை கிடையாது. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மாம் டார் குன்றின் அடியில் மண்சரிவால் 1979இல் கைவிட்ட பழைய சாலை இருக்கிறது. தார் அடுக்கடுக்காகப் பிளந்து, நடுவில் போட்ட வெள்ளைக் கோடு ஓரிடத்தில் அறுந்து ஆளுயரத்துக்குக் கீழே தொடரும். எந்தப் பாதை வடிவமைப்பாளரும் இப்படி ஒன்றைக் கட்ட மாட்டார்.

அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு: நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். போன செப்டம்பரில் எடேல் பக்கம் ஒரு குதிரைப் பாதையில் இறங்கும்போது எதிரே ஒரு சாம்பல் குதிரை வந்தது. இறங்கி, சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து, மூச்சுக் காட்டாமல் நின்றேன். குதிரையும் நின்றுவிட்டது, காதை விறைத்துக்கொண்டு. மேலே இருந்த பெண்மணி, “ஏதாவது பேசுங்கள், நீங்கள் மனிதர் என்று அதற்குத் தெரியட்டும்” என்றார். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்ற என் வாயில் அந்த நேரத்துக்கு ஆங்கிலம் வரவில்லை. “ஒண்ணுமில்லடா கண்ணு, போ, போ” என்றேன். காது தளர்ந்தது. என் தோளை உரசிக்கொண்டு போயிற்று.