ஜே.ஆர்.எஃப். வழியா, ஜெர்மனி வழியா: வடசென்னை மாணவர்களுக்கு ஓர் அலசல்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் முடித்த பிள்ளை முனைவர் பட்டம் என்று பேச்செடுத்தால், "இன்னும் எத்தனை வருஷம்? மாதம் என்ன வரும்?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதை வைத்தே, இங்கேயே ஆய்வு செய்வது, ஜெர்மனிக்குப் போய்ச் செய்வது என்ற இரண்டு வழிகளையும் எடைபோடுகிறேன்.

உள்ளூர் வழிக்கு வாசல் நெட் எனும் தேசிய தகுதித் தேர்வு. அதில் நல்ல மதிப்பெண் பெற்று ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. விம்கோ நகரிலிருந்து கிண்டிக்கு ஒரே மெட்ரோ ரயிலில் போய்விடலாம் என்பதால் வீட்டிலிருந்தே படிக்கவும் முடியும். 2024 முதல், ஜே.ஆர்.எஃப். தவறியவர்களும் நெட் மதிப்பெண்ணை வைத்து முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. ஆனால் இந்த வகையில் சேர்பவருக்கு அந்த உதவித்தொகை கிடையாது. வேறு உதவித்தொகை உறுதியாகாமல் இப்படிச் சேர வேண்டாம் என்றே சொல்வேன். பாதியில் நின்றுபோகும் ஆய்வுகள் பல பணத்தால்தான் நிற்கின்றன.

இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். ஜே.ஆர்.எஃப். கையில் இருந்தும் சிலர் நெறியாளரைத் தேடி அலைவது இதனால்தான். விண்ணப்பிக்கும் முன்பே நெறியாளரிடம் இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். அவரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களையும் பார்த்துப் பேசுங்கள். முந்தையவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

ஜெர்மனியில் முனைவர் ஆய்வு பெரும்பாலும் வேலை விளம்பரமாகவே வருகிறது. ஐரோப்பிய ஆய்வுப் பணிகளுக்கான யூராக்ஸஸ் (EURAXESS), ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) ஆகிய தளங்களில் தேடலாம். ஒப்பந்தம், சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. கல்விக் கட்டணம் பொதுவாக இல்லை. நுழைவுத் தேர்வும் பெரும்பாலும் கிடையாது. அதனால் முழு பாரமும் பேராசிரியருக்கு நீங்கள் எழுதும் கடிதத்தின் மேல் விழுகிறது. "மதிப்புக்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்" என்று தொடங்கி ஐம்பது பேருக்கு அனுப்பும் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. முதல் பத்தியில் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியை எழுதுங்கள். இரண்டாவதில் உங்கள் எம்.எஸ்சி. ஆய்வில் எந்தக் கருவியை நீங்களே இயக்கினீர்கள், என்ன கண்டீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

செலவு முன்னால் வருகிறது என்பதுதான் இதில் சிக்கல். விசா, விமான டிக்கெட், வீட்டு முன்பணம் எல்லாம் முதல் சம்பளத்துக்கு முன்பே கட்ட வேண்டியவை. வட்டிக்கு வாங்காமல் திரட்ட முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைப்பும் இடத்தைத் தீர்மானிக்கும். எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் கழிவையோ, 2023 டிசம்பரில் அங்கே பரவிய எண்ணெய்க் கசிவையோ ஆராய விரும்புபவர் இங்கேயே இருக்க வேண்டும். பருவந்தோறும் தண்ணீரும் சேறும் எடுக்க வேண்டும். காட்டுக்குப்பத்து மீனவர்களின் துணையும் வேண்டும். மின்கலம், வினையூக்கி என்று போகிறவர்களுக்கு நான் ஜெர்மனியையே சொல்வேன்.

இரண்டும் உடனே அமையாவிட்டால் ஏதாவது ஆய்வகத்தில் புராஜெக்ட் அசோசியேட் (ஆய்வுத் திட்ட உதவியாளர்) பணிக்கு முயலுங்கள். சம்பளமும் வரும், உங்கள் வேலையை நேரில் பார்த்தவரின் பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். அங்கிருந்தபடியே இரண்டு வழிகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.