கச்சான் காற்றுக்கு எந்தத் தாள்?

மின்மோட்டரில் ஓடும் றிமோட் விமானம் கட்ட ஆசைப்பட்டு வருகிற பொடியன்கள் முதலில் கேட்பது, "இத எதுல வெட்டுற அண்ணன்?" என்பதுதான். மட்டக்களப்பில் இருந்துகொண்டு தேடினால் நாலு பொருள் கிடைக்கும். விளம்பரப் பலகை செய்கிற கடையில், நடுவில் குழாய் குழாயாக ஓடும் கொருகேற்றட் பிளாஸ்டிக் தாள். புத்தகக் கடையில் காகிதம் ஒட்டிய போம் போர்ட். மீன் பெட்டி செய்யும் ரெஜிபோம். வெளியில் இருந்து எடுப்பித்தால், நசுங்கினாலும் மீளுகிற பொலிபுரொப்பிலின் போமான ஈ.பி.பி. பல்சா மரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. விமானத்தின் மூக்கு ஒருமுறை நிலத்தில் குத்தினால், உடைந்து ஒரு கிழமை மேசையில் கிடக்கும். பழகுகிறவருக்கு அது சரிவராது.

என் முடிவு இது: வாவிக்கு மேற்கே படுவான்கரையின் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், ஓட்டப் பழகுகிறவருக்கு முதல் விமானம் கொருகேற்றட் தாளில்தான். ஆனால் "அது உடையாது" என்ற ஒரே காரணத்தை நம்பி எல்லாவற்றையும் 4 மில்லிமீற்றர் தாளில் வெட்டிவிடாதீர்கள். அப்படிக் கட்டி, எழும்பவே மாட்டாத விமானங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாரத்தைப் பார்ப்போம். 1 மீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் அகலம் உள்ள இறக்கைக்கு மேலும் கீழுமாக 0.4 சதுர மீற்றர் தாள் போகும். 4 மில்லிமீற்றர் தாள் சதுர மீற்றருக்கு 700 கிராம் அளவில் நிறுக்கும். இறக்கை மட்டும் 280 கிராம். 2 மில்லிமீற்றரில் அது பாதியாகும். மெல்லிய காகிதம் ஒட்டிய போம் போர்ட்டில் 120 கிராமுக்குள் முடிந்துவிடும். பற்றரி, மோட்டர் எல்லாம் போட்டால் முழுக்க 4 மில்லிமீற்றரில் கட்டியது 900 கிராமில் நிற்கும், போம் போர்ட்டில் கட்டியது 600 கிராமில் நிற்கும் என்று வையுங்கள். பாரமான விமானம் மணிக்கு சுமார் 31 கிலோமீற்றருக்குக் கீழே வேகம் குறைந்தால் விழும். மற்றது 25 வரைக்கும் தாங்கும். இறங்கும் வேகமும் அதன்படிதான். அந்தந்த வேகத்தில் தரையில் மோதினால், பாரமான விமானத்தின் அடி இரண்டேகால் மடங்கு. தாள் அதைத் தாங்கும். ஆனால் முன்னால் நிற்கிற மோட்டரின் தண்டு 3 மில்லிமீற்றர் சொச்சம்தான், அது வளைந்துவிடும்.

அதனால்தான் மோட்டரை இறக்கைக்கு மேலே, பின்பக்கம் பார்த்துத் தள்ளுகிற மாதிரிப் பூட்டச் சொல்கிறேன். குத்துகிற மூக்கில் வெறும் தாள் மட்டும் இருக்கட்டும். இதைச் செய்தால் தாளின் பலம் உண்மையாகவே உங்களுக்கு உதவும்.

வாலில் 4 மில்லிமீற்றர் வேண்டவே வேண்டாம். வால் இறக்கையில் இருந்து தூரத்தில் நிற்பதால், அங்கே கூடுகிற 10 கிராமுக்கு மூக்கில் 30 கிராம் கட்டவேண்டி வரும். சமநிலைப் புள்ளி இறக்கையின் முன்விளிம்பில் இருந்து 5 முதல் 6 சென்ரிமீற்றருக்குள் விழாவிட்டால் விமானம் கைக்கு அடங்காது.

போம் போர்ட்டில் எனக்கும் ஒரு விமானம் இருந்தது. இலேசாக, அழகாகப் பறந்தது. மாரி முடிகிற நேரம், வட்டையின் ஓரத்தில் ஈரப்புல்லில் இறக்கினேன். எடுத்துப் பார்க்கும்போது அடிப்பக்கக் காகிதம் ஊறி, நகத்தால் தொட்ட இடமெல்லாம் உரிந்து வந்தது. காய வைத்தும் இறக்கை முறுகலாகவே நின்றது. கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையுமாகக் கிடக்கும் ஊரில் இது பெரிய குறை. கொருகேற்றட் தாள் பொலிபுரொப்பிலின். தண்ணீர் ஊறாது, தண்ணீரை விட இலேசு என்பதால் வாவியில் விழுந்தாலும் மிதக்கும். குழாய்களின் வாயை மட்டும் ரேப் போட்டு மூடிவிடுங்கள். மூடாவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறி, விமானம் இரட்டிப்புப் பாரமாகும்.

மறுகா, காற்றைப் பார்ப்போம். வைகாசிக்குப் பிறகு மத்தியானத்தில் தென்மேற்கில் இருந்து அடிக்கிற கச்சானில் 600 கிராம் விமானம் பட்டம் மாதிரி அலையும். பழகுகிறவருக்கு அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே விளங்காது. பாரம் கூடினது அந்த நேரத்தில் நேராகப் போகும். 2 மில்லிமீற்றர் இறக்கை, 4 மில்லிமீற்றர் மூக்கு என்று கலந்து 750 கிராமில் கொண்டு வந்தால், காற்றில்லாத அதிகாலைக்கும் சரி, கச்சானுக்கும் சரி.

வெயிலில் மட்டும் இந்தத் தாள் தோற்கும். மாதக்கணக்கில் றோட்டோரம் நின்ற பழைய விளம்பரப் பலகை சும்மா கிடைக்கிறதென்று வாங்குமுன், ஒரு மூலையை மடித்துப் பாருங்கள். படக்கென்று முறிந்தால் விட்டுவிடுங்கள்.

வெட்டுகிற வேலை சுகம். இறக்கையிலும் வாலிலும் அசைந்து விமானத்தைத் திருப்புகிற தட்டுகளுக்குத் தனியாகப் பிணைச்சல் தேவையில்லை. குழாய் ஓடும் திசையிலேயே பிளேட்டைச் சரித்து, மேல்தோலை மட்டும் கோடிழுத்த மாதிரி வெட்டவேண்டும். கீழ்த்தோல் அப்படியே பிணைச்சலாகிவிடும். ஆயிரக்கணக்கில் மடித்தாலும் போகாது. இறக்கையில் குழாய்கள் நீளப்பக்கமாகவே ஓடவேண்டும். அவற்றுக்குள் சீவிய மூங்கில் குச்சி இரண்டைச் செருகினால் இறக்கை வளையாது.

ஒட்டுவதுதான் கஷ்டம். இந்தத் தாளில் எந்தப் பசையும் சும்மா பிடிக்காது. மண்தாளால் உரசி, ஸ்பிரிட்டில் துடைத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு லைட்டரின் நீலச் சுவாலையை ஒட்டும் இடத்தின் மேலே ஒரு நொடிக்குள் ஓட்டி எடுங்கள். தாள் உருகக் கூடாது. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முன்னர் முத்து மாதிரி உருண்டு நின்ற சொட்டு இப்போது படர்ந்து கிடந்தால் சுப்பர் குளூ பிடிக்கும். பிடித்த பிறகும் பாரம் தாங்கும் இடங்களில் பசையை நம்பாமல் கேபிள் டை போடுங்கள். இறக்கையை உடலோடு றப்பர் பாண்டால் கட்டினால் போதும். என்னுடையது ஒருமுறை வயல் வரம்பில் குத்தியபோது றப்பர் பாண்ட் அறுந்து இறக்கை தனியே தெறித்தது. பத்து நிமிடத்தில் வேறு றப்பர் போட்டுத் திரும்பவும் ஏற்றினோம்.

ரெஜிபோம் வேண்டுமென்றால் இறக்கையின் உள்ளே தாங்கியாக வைக்கலாம். தனியே கட்டினால் பொடியாகும், சில பசைகள் அதைத் தின்றும்விடும். ஈ.பி.பி. மட்டும்தான் அடி தாங்குவதில் கொருகேற்றட்டை மிஞ்சும். நசுங்கி மீண்டுவிடும், பாரமும் குறைவு. ஊரில் கையோடு வாங்க முடிந்திருந்தால் இந்த அலசலே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

செலவில் தாளின் பங்கு சிறிது. 8 அடிக்கு 4 அடித் தாள் ஒன்றில் மூன்று விமானம் வெட்டலாம். 2212 அளவு மோட்டர், அதன் 30 அம்பியர் வேகக் கட்டுப்படுத்தி, 3 செல் 2200 மில்லிஅம்பியர்-மணி பற்றரி, தட்டுகளை அசைக்கிற 9 கிராம் சேர்வோக்கள், றிமோட் இவைதான் காசைத் தின்பவை. எந்தத் தாளில் கட்டினாலும் இவை ஒன்றே, ஒரு விமானத்தில் இருந்து அடுத்ததற்கு மாறிக்கொண்டே போகும். அதனால் எந்தத் தாள் மலிவு என்று கேட்பதை விட, எது இவற்றைப் பத்திரமாக வைத்திருக்கும் என்று கேளுங்கள்.

விமான நிலையம் நகரை ஒட்டித் திமிலைதீவில் இருக்கிறது. அந்தப் பக்கம் பறக்கவிடவே கூடாது. சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளைப் பார்த்து, வேண்டிய அனுமதியை எடுத்துக்கொண்டு, பெரும்போக அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் வட்டைக்குப் போங்கள். காலை 6 மணிக்கு அங்கே காற்றே இருக்காது. அறுத்த நெல்லின் அடிக்கட்டைகள் குத்துகிற தரையில் போம் போர்ட் விமானத்தின் வயிறு கிழியும். கொருகேற்றட் கீறலோடு சறுக்கி நிற்கும்.