கையடக்க பிஐடி மீட்டர்: நல்ல மூக்கு, மோசமான கணக்குப்பிள்ளை

பிஐடி (ஃபோட்டோ அயனைசேஷன் டிடெக்டர்) என்பது காற்றில் கலந்த பெட்ரோல் போன்றவற்றின் ஆவியை எண்ணாகக் காட்டும் கருவி. இரண்டு வருடமாக இந்த மீட்டரோடு பெட்ரோல் தொட்டி கசிந்த இடங்களில் குழிக்குழியாக ஏறி இறங்குகிறேன். விற்றவர், “மண்ணில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறதென்று உடனே சொல்லிவிடும்” என்றார். அதை மட்டும் சொல்லாது. ஆனாலும் இதில்லாமல் இப்போது நான் களத்துக்குப் போவதில்லை.

வேலை இவ்வளவுதான். ஜாடியில் பாதிக்கு மண், வாயில் அலுமினியத் தாள், மேலே மூடி. 15 விநாடி குலுக்கி, 10 நிமிடம் வைத்து, மறுபடி குலுக்க வேண்டும். மண்ணிலிருந்து கிளம்பும் ஆவி மேலேயுள்ள காலியிடத்தில் சேரும். இதைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். மூடியைத் திறந்து, தாளைக் குத்தி, காலியிடத்தின் பாதி ஆழம் வரை குழாயை விட்டால் முதல் சில விநாடிகளிலேயே எண் உச்சத்துக்குப் போய் இறங்கும். அந்த உச்சத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். குழாய் மண்ணைத் தொட்டுவிடக் கூடாது. நான் தொட்டேன், ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது, அன்றைய வேலை அத்தோடு சரி.

உள்ளே இருப்பது 10.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புற ஊதா விளக்கு. அதன் ஒளி ஆவியை அயனியாக்கும், அதாவது மின்னேற்றம் பெற வைக்கும்; அதைத்தான் மீட்டர் அளக்கிறது. பெட்ரோலில் இருக்கும் பென்சீனை அயனியாக்க 9.24 போதும், டொலுயீனுக்கு 8.83, இரண்டையும் பிடித்துவிடும். மீத்தேனுக்கு 12.6 வேண்டும் என்பதால் அது இதன் கண்ணில் படாது. குப்பை அழுகிய மண்ணில் இது பெரிய வசதி, அங்கே ஊறும் மீத்தேனைப் பெட்ரோல் என்று எண்ணி ஏமாற வேண்டியதில்லை.

திரையில் தெரியும் பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) வம்பு. அது ஐசோபியூட்டிலீன் வாயுவை வைத்து அளவுதிருத்தம் செய்த எண். பென்சீன் மட்டும் இருந்தால் உண்மை அளவு காட்டுவதில் ஏறக்குறைய பாதி. ஹெக்சேன் என்றால் சுமார் நான்கு மடங்கு. பெட்ரோலிலோ எல்லாம் கலந்து கிடக்கிறது. அதுவும் ஜாடிக் காற்றின் அளவு, ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்பது அல்ல. ஒரே குழி மண்ணில் இரண்டு ஜாடி நிரப்பினேன். குளிர்ந்த காலையில் ஒன்று 40 காட்டியது; வெயிலில் மறந்து வைத்த மற்றது மதியம் 190. மண் மாறவில்லை, சூடுதான் மாறியது. இப்போதெல்லாம் எல்லா ஜாடியையும் ஒரே சூட்டில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

மழைக்குப் பிறகு இன்னும் தொல்லை. நீராவி எண்ணைக் குறைத்துவிடும்; விளக்கில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் சும்மா இருக்கும்போதே எண் ஏறிக்கொண்டே போகும். மெத்தனால் நனைத்த பஞ்சுக்குச்சியால் விளக்கைத் துடைத்தால் சரியாகிறது. பழைய டீசல் மண்ணில் இதை நம்பவே வேண்டாம், எளிதில் ஆவியாகும் பகுதி எப்போதோ போயிருக்கும். என் கையே நாறியது, மீட்டர் 5 என்றது.

பென்சீன் தனியாக எவ்வளவு என்று கேட்டால் ஆய்வகம்தான் கதி. அங்கே சின்னக் கண்ணாடிக் குப்பியில் சில கிராம் மண்ணையும் உப்புக் கரைசலையும் இறுக மூடி, 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, மேலே சேரும் வாயுவை கேஸ் குரோமட்டோகிராஃபில் ஏற்றிப் பிரிப்பார்கள். முப்பது ஜாடியில் எந்த நான்கை அங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கத்தான் இந்த மீட்டர். அந்த வேலையில் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை.

கையுறையோடு பொத்தானை அழுத்த முடிவதில்லை, வெயிலில் திரையும் சரியாகத் தெரிவதில்லை. அப்புறம், வாங்கினால் மாற்று வடிகட்டிகளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பெட்டியில் இரண்டுதான் இருந்தன, ஒன்றை முதல் நாளே சேற்றில் தொலைத்தேன்.