பர்வதமலை டிரெக்கிங்: பணம் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க

மேலே ஏத்திவிட ஆள் இருந்தான், கீழே இறக்கிவிட யாரும் இல்லை. எங்களுக்கு நடந்தது அவ்வளவுதான். நுகர்வோர் புகார் போட்டிருப்பதால் எங்களைக் கூட்டிப்போன டிரெக்கிங் குழுவின் பெயரைச் சொல்லவில்லை. போன அக்டோபர் கதை இது.

நானும் ரூம்மேட்டும் இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பதிந்தோம். தலைக்கு 1,850 ரூபாய். முன்னால் ஒரு கைடு, பின்னால் ஒரு கைடு, முதலுதவிப் பெட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு என்று போட்டிருந்தார்கள். பணம் போனது ஏதோ தனிநபர் ஜிபே கணக்குக்கு. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கிளம்பும் நாள் காலையில் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட். 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை மழை வரலாம் என்று அர்த்தம். போன் பண்ணிக் கேட்டேன். "அலர்ட் டெய்லி வரும் ப்ரோ. கேன்சல் பண்ணா ரீஃபண்ட் கிடையாது." வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, அதான் விஷயம். ராத்திரி சென்னை கத்திப்பாராவில் வந்து நின்ற வேன் வெள்ளை போர்டு. வாடகை வண்டி என்றால் மஞ்சள் போர்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்தில் இன்சூரன்ஸ் கிடைப்பது சந்தேகம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏறி உட்கார்ந்தேன். மடத்தனம்.

தென்மாதிமங்கலத்திலிருந்து ஏறும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. கைடு ஒருத்தன்தான், காலேஜ் பையன். வழி நெடுக எல்லாரையும் போட்டோ எடுத்துக்கொண்டே வந்தான். மல்லிகார்ஜுனரைக் கும்பிட்டுவிட்டு இறங்கத் தொடங்கும்போது மணி ஒன்று. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. மோர் விற்ற அம்மா, "தம்பி, இடி இறங்குற நேரத்துல சங்கிலியத் தொடாதீங்கப்பா" என்றார். கைடு சிரித்தான். "கடப்பாரை வழி ஷார்ட் கட்ணா, மழைக்கு முன்னாடி இறங்கிடலாம்."

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாறையில் கடப்பாரைகளை அறைந்து படியாக்கி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி கட்டியிருப்பார்கள். காலுக்கும் இரும்பு, கைக்கும் இரும்பு. பாதி இறங்கியிருப்போம். "டேய், கை முடியெல்லாம் நிக்குதுடா" என்றான் ரூம்மேட். திரும்பிப் பார்த்தேன், நிஜமாகவே நின்றது. பக்கத்தில் மின்னல் விழப்போகிறது என்பதற்கான அறிகுறி அது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சங்கிலியை விட்டு விலகி ஒரு பாறைச் சரிவுக்குப் போய், பையைக் காலுக்கடியில் போட்டுக் குந்தினோம். அடுத்து விழுந்த இடியில் காது அடைத்துவிட்டது. எங்கே விழுந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

முக்கால் மணி நேரம் அப்படியே. கைடும் மற்ற பதினான்கு பேரும் போயே போய்விட்டார்கள். பின்னால் ஒருத்தன் வந்திருந்தால் எண்ணிப் பார்த்திருப்பான்.

மழை கொஞ்சம் விட்டதும் எழுந்தோம். வழியெல்லாம் செந்தண்ணீர். ஜீன்ஸ் நனைந்து கல்லாய்க் கனத்தது, அக்டோபர் மாதத்தில் பல் கிட்டியது. பாசியில் இவன் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. முதலுதவிப் பெட்டி கைடின் பையில் இருந்ததோ என்னவோ! துண்டைக் கிழித்துக் கட்டினேன். அதே மோர்க்கார அம்மாவின் மகன் ஒரு கழியும் தார்ப்பாயும் கொடுத்துக் கூடவே இறங்கி வந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

அடிவாரம் சேரும்போது ஏழே முக்கால். வேன் இல்லை. போன் அடித்தால், "எல்லாருக்கும் மண்டே ஆபீஸ் ப்ரோ, எவ்ளோ நேரம் வெயிட் பண்றது?" ஆட்டோ பிடித்துப் போளூர் போய் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் கீறல். ஆறு வாரம் கட்டு.

இன்சூரன்ஸ் பாலிசி நம்பர் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்கள். பிறகுதான் யோசித்தேன்: பதிவு ஃபாரத்தில் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். வயதும் நாமினியும் கேட்காமல் எந்தக் கம்பெனி பாலிசி போடும்? நீங்கள் பதியும்போது அந்த ஃபாரத்தை முதலில் பாருங்கள். பாலிசி நகலைக் கிளம்பும் முன்பே கேளுங்கள். ரெண்டாவது கைடு வேன் ஏறினானா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கேயே இறங்கிவிடுங்கள்.

2018இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத் தீயில் செத்தவர்களில் நம்ம சென்னைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளுக்கு ஆன்லைன் பதிவு தொடங்கியது. காட்டுப் பாதைதான் ஆசை என்றால் அதில் பதியலாம்.

எங்களை மாதிரி ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடியுங்கள். நீங்கள் குழுவுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் சாட்டையும் அழித்துவிடாதீர்கள்.

நேற்று ஆபீஸ் குரூப்பில் ஒருவர் அந்தக் குழுவின் அடுத்த டிரிப் போஸ்டரைப் போட்டிருந்தார். போஸ்டரில் சங்கிலியைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்பது என் ரூம்மேட்.