எட்டே முக்கால் மணி: 8:45 என்று எழுதுவதா, 8.75 என்று எழுதுவதா?

பெங்களூரு பீன்யாவில் ஒரு லேத் பட்டறைக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். அங்கே பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக்காரர்கள். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் சீட்டோடு வந்தார். "அக்கா, தினமும் எட்டே முக்கால் மணி நேரம் வேலை பார்க்குறேன். இதுல 8.45னு போட்டிருக்கு, சரிதானா?"

சரியில்லை. நிமிடத்தைப் புள்ளிக்குப் பின்னால் அப்படியே தட்டிவிட்டிருந்தேன். எட்டே முக்கால் என்றால் 8.75. நாளுக்கு 0.30 மணி, அதாவது 18 நிமிடம், அவர் கணக்கிலிருந்து போயிருக்கிறது. மணிக்கு 120 ரூபாய் கூலி என்றால் நாளுக்கு 36 ரூபாய். 26 நாளுக்கு 936 ரூபாய். அதை அந்த மாதமே சேர்த்துக் கொடுத்தோம். ஆனால் அன்றிலிருந்து இந்த இரண்டு முறைகளையும் நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

மணி-நிமிட முறை படிப்பவருக்கு உகந்தது. கடிகாரத்தைப் பார்த்து யாரும் சரிபார்க்கலாம். வேலை செய்தவரே தன் கணக்கைப் படிக்க முடிகிறது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். கூலியால் பெருக்க வரும்போதுதான் இது உதவாது, ஏனென்றால் 60க்கு ஒருமுறை மணி ஏறுகிறது.

தசம முறை அந்த இடத்தில்தான் கைகொடுக்கும். நிமிடத்தை 60ஆலும் நொடியை 3600ஆலும் வகுத்து மணியோடு கூட்டினால் போதும். 8.75ஐ 120ஆல் பெருக்கினால் 1050 ரூபாய், ஒரே தட்டு. திரும்பி வருவதும் எளிது. 6.37 மணியா? 0.37ஐ 60ஆல் பெருக்கினால் 22.2, அதில் மிஞ்சும் 0.2ஐ மறுபடி 60ஆல் பெருக்கினால் 12. ஆக 6 மணி 22 நிமிடம் 12 நொடி.

இதன் குறை, முழுசாக முடியாத எண்கள். 20 நிமிடம் 0.3333 என்று போய்க்கொண்டே இருக்கும். இரண்டு இலக்கத்தில் நிறுத்தினால், 3ஆல் வகுபடும் நிமிடங்கள் மட்டுமே பிசிறில்லாமல் வரும். மற்றவற்றை முழுமையாக்கி எழுதினால் 12 நொடி விலகும். அருகிலுள்ள நிமிடத்துக்கு முழுமையாக்கினால் பழைய நிமிடம் சரியாகத் திரும்பக் கிடைக்கும் என்பதால், கூலிக் கணக்குக்கு இரண்டு இலக்கம் போதும். நொடியும் வேண்டுமென்றால் நான்கு இலக்கம் எழுதுங்கள், மூன்று பத்தாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் பேச்சில் இந்தக் குழப்பமே இல்லை. கால், அரை, முக்கால் என்றுதான் சொல்கிறோம். அவை 0.25, 0.50, 0.75. குழப்பம் எழுத்தில் வருகிறது. 'காலை 8.30 மணி' என்று புள்ளி வைத்துத்தான் அழைப்பிதழிலும் செய்தித்தாளிலும் அச்சிடுகிறோம். அதே புள்ளி கால்குலேட்டருக்குத் தசமப் புள்ளி.

எக்செல்லில் 8:45 என்று போடுவது நல்லதுதான், ஆனால் அதற்கு ஒரு முழு நாள்தான் 1. அதனால் 8:45ஐ நேராக 120ஆல் பெருக்கினால் 43.75 ரூபாய் என்று காட்டும். 24ஆலும் பெருக்கினால்தான் 1050 வரும். அப்புறம், ஐந்து நாள் கூட்டினால் 43:45 வரவேண்டிய இடத்தில் 19:45 என்று நிற்கும். 24 மணி தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் இப்படி. வடிவமைப்பில் மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால், அதாவது [h]:mm என்று, சரியாகிவிடும். கணினி இல்லையென்றால், கோணத்தை அளக்கும் பாகை-கலை-விகலைப் (டிகிரி-மினிட்-செகண்ட்) பொத்தான் உள்ள சயின்டிஃபிக் கால்குலேட்டர் மாற்றிக் கொடுக்கும். மணியும் பாகையும் இரண்டுமே அறுபது அறுபதாகப் பிரிவதால் ஒரே பொத்தான் இரண்டுக்கும் ஆகிறது.

இப்போது எங்கள் பட்டறையில் வருகைப் பதிவேடு முழுக்க மணி-நிமிடம்தான், நடுவில் முக்காற்புள்ளி கட்டாயம். தசமம் கூலிப் பெருக்கலுக்கு முந்தைய ஒரே ஒரு கட்டத்தில் மட்டும். சம்பளச் சீட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடுகிறேன்: 8:45 / 8.75.